முடிச்சுக்கு மிச்சம்

பிப்ரவரி 3

அன்புள்ள கப்பல்காரருக்கு,

நான் இங்கே சௌக்கியம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கொடுத்தனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டதா, இல்லை திறக்கவே இல்லையா? உங்கள் தங்கை மாடியிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணனுக்கா எழுதறீங்க அண்ணி? நானும் கேட்டேன்னு ஒரு வரி போடுங்க" என்றாள். போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியவில்லை. உங்களுக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன், நீங்க?" என்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. கப்பலுக்கு அப்படியொரு போனைக் கண்டுபிடித்தவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது.

விஷயம் இதுதான். நேற்று வேலைக்கு நடுவில் லேபில் எடை பார்த்தேன். அறுபத்து நாலு கிலோ. இருபது மாதம் முன்பு நீங்கள் கிளம்பும்போது நூற்று இருபத்தொன்று. மெஷின் கெட்டுவிட்டதோ என்று ரிசப்ஷன் பெண்ணை ஏற்றிப் பார்த்தோம். அவள் எடையைச் சரியாகத்தான் காட்டியது. அவளுக்குத்தான் கோபம் வந்துவிட்டது. சர்க்கரை மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். மூன்றாவது மாடிக்குப் படியேறிப் போய் நோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கிறேன், மூச்சு வாங்குவதில்லை. இத்தனை மாதம் நடந்த நடைக்கு உங்கள் கப்பலுக்கே வந்து சேர்ந்திருக்கலாம்.

இதோடு போட்டோ வைத்திருக்கிறேன். உங்கள் தங்கை எடுத்தது. இந்த வெயிலில் ஏன் முழுக்கைச் சட்டை என்று கேட்பீர்கள். இவ்வளவு எடை இறங்கினால் தோல் கொஞ்சம் தொங்குமாம். போகப்போகச் சரியாகிவிடும் என்கிறார்கள். பெரிய விஷயம் இல்லை.

கயிறு இன்னும் இருக்கிறதா? கிளம்புவதற்கு முந்தின நாள் என் இடுப்பைச் சுற்றி அளந்து, முனையோடு முனை தொட்ட இடத்தில் வெட்டி, நுனி பிரியாமல் நூல் சுற்றி எடுத்துக்கொண்டு போனீர்களே, அதைத்தான் கேட்கிறேன். பாவம், அது இப்போது பொய் சொல்கிற கயிறு.

வேளைக்குச் சாப்பிடுங்கள். குனிந்து எதையும் தூக்காதீர்கள்.

உங்கள்
பூசணி (இந்தப் பெயர் இனிமேல் பொருந்துமா என்று தெரியவில்லை)


மார்ச் 1

என் பூசணிக்கு,

பொருந்தும், பொருந்தாது என்று முடிவு செய்ய நீ யார்? வைத்தவன் நான்.

முதுகு பரவாயில்லை. தைலத்தைத் திறந்துவிட்டேன், போதுமா? உன் சர்க்கரை இறங்கியது கேட்டு எனக்கு இங்கே தலைகால் புரியவில்லை. உன் போட்டோவைச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டினேன். சமையல்காரர் கரண்டியும் கையுமாக வந்து பார்த்துவிட்டு, "யாருப்பா இது, உன் கொழுந்தியாளா?" என்றார். "என் சம்சாரம்" என்றேன். "முன்னாடி காட்டின போட்டோ?" என்றார். "அதுவும் என் சம்சாரம்தான்" என்றேன். அன்றைக்கு எனக்கு மட்டும் இரண்டாவது தடவை கேட்காமலே பரிமாறினார். உன்னால் எனக்குக் கிடைத்த மரியாதை.

கயிறு என் படுக்கைத் தலைமாட்டில் கொக்கியில்தான் தொங்குகிறது. நாள் முழுக்க என் கை தடிமன் கயிறுகளை இழுத்துக் கப்பலைக் கட்டிவிட்டு, படுக்கும்போது இந்தச் சின்னக் கயிற்றைத் தொட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவேன். போன வாரம் கரை இறங்கியபோது அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு துணிக்கடைக்குப் போனேன். எடை பாதி என்று எழுதியிருந்தாய், கயிற்றை இரண்டாக மடித்துக் கொடுத்தேன். கடைக்காரப் பெண் சிரித்துவிட்டு, அந்த அளவுக்கு ஒரு நீலக் கவுன் எடுத்துக் கொடுத்தாள். கை இல்லாதது. நீ கை இல்லாத உடுப்பு போட்டு நான் பார்த்ததே இல்லை. பார்சல் தனியாக வருகிறது.

முதல் கப்பலிலிருந்து வீட்டுக்கு வராமல் நேரே இந்தக் கப்பலில் ஏறியது என் முட்டாள்தனம். ஆனால் முடிந்துவிட்டது. ஜூலை இருபது எனக்கு விடுதலை. நான் கிளம்பியபோது வாசலில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? வண்டி தெருமுனை திரும்பும் வரை நிறுத்தவில்லை. டிரைவர்கூட, "யாருங்க அது, ட்ராஃபிக் போலீஸா?" என்றான். அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு அதே இடத்தில் நில். அதே மாதிரி ஆட்டு. எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
கப்பல்காரன்


ஏப்ரல் 2

அன்புள்ள கப்பல்காரருக்கு,

நானும் உங்கள் தங்கையும் நலம். சளி பிடித்திருக்கிறது என்று போனில் குரலே சொன்னது. வெந்நீர் குடித்தீர்களா?

பார்சல் வந்து சேர்ந்தது. நல்ல நிறம். உங்களுக்கு நீலம் பிடிக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. உங்கள் தங்கை "எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த துறைமுகத்தில் அவளுக்கு ஏதாவது பாருங்கள், இல்லாவிட்டால் மாடியில் நாற்காலியை இழுக்கிற சத்தத்தில் நான் குடியிருக்க முடியாது.

லேபில் ஒரு லாரி டிரைவர் வாரம் இரண்டு தடவை ரத்தம் கொடுக்க வருகிறார். நோயில் கரைந்து போன மனிதர். கையில் தோல் மட்டும்தான் இருக்கிறது. தளர்ந்த தோலில் நரம்பு நிற்காது, ஊசி போகும்போது வழுக்கி ஓடிவிடும். இடது கட்டைவிரலால் தோலைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். புதிதாக வந்த பெண் மூன்று தடவை குத்திவிட்டாள். அதிலிருந்து அவர் என்னைத்தான் தேடுகிறார். "உங்க கை பட்டா வலிக்கலம்மா" என்கிறார். நான் அவர் சட்டைக் கையை மடித்துவிடும்போது அவர் ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்பது போல் முகத்தை வைத்துக்கொள்கிறார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வேறென்ன? வாசலில் நிற்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இப்போது அங்கே எதிர்வீட்டுக்காரர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். நிற்க இடம் இல்லை.

சளி விடுகிற வரை ஈரக்காற்றில் நிற்காதீர்கள். கப்பலில் அதைச் சொல்வது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று எனக்கே தெரிகிறது.

உங்கள்
பூசணி


ஏப்ரல் 26

என் பூசணிக்கு,

சளி போய்விட்டது. நீ நலமா? கடிதத்தை நாலு தடவை படித்தேன். பாதிக் கடிதம் லாரி டிரைவர், மீதிப் பாதி என் தங்கச்சியும் எதிர்வீட்டு வண்டியும். கவுன் அளவு சரியா, இல்லையா? போட்டுப் பார்த்தாயா? ஒரு போட்டோ எடுத்து அனுப்ப உனக்கு என்ன வந்தது?

எனக்கு இங்கே நாள் போகமாட்டேன் என்கிறது. முன்னெல்லாம் கண்ணை மூடினால் நீ வந்துவிடுவாய். சமையலறையில் உன் வளையல் சத்தம், நடந்து வரும்போது தரையில் கேட்கும் அந்தக் கனம், திரும்பிப் படுத்தால் கட்டில் என் பக்கம் சாய்வது, எல்லாம் வரும். இப்போது கண்ணை மூடினால் போட்டோவில் இருக்கிறவள் வருகிறாள், அவள் எப்படி நடப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் நான் இன்னும் உன்னைப் பார்க்கவில்லை, அதைச் சொல்கிறேன்.

என்ஜின் அறையில் ஒருத்தன், "பொண்டாட்டி இப்படி ஆயிட்டா ஊர்ல போய்க் காவலுக்கு உக்காருய்யா, இங்க என்ன பண்ற" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்து என் அலமாரிக்குள் வைத்திருக்கிறேன். ஈரத்தில் டேப் ஒட்டவில்லை.

இன்னும் எண்பத்தைந்து நாள். நேரத்துக்குத் தூங்கு.

உன்
கப்பல்காரன்


மே 20

அன்புள்ள கப்பல்காரருக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். இந்தக் கப்பலிலேயே இன்னும் ஆறு மாதம் இருந்துவிட்டு வர முடியுமா? கேட்டால் கம்பெனியில் நீட்டித்துத் தருவார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். குளியலறையில் குழாய் உடைந்து, தரை முழுவதையும் தோண்ட வேண்டும் என்கிறார்கள். நீங்கள் வந்தால் கால் வைக்கக்கூட இடம் இருக்காது. லேபிலும் ஆள் குறைவு, எனக்கு லீவு கிடைக்காது. இத்தனை நாள் கழித்து வருகிறீர்கள், வரும்போது எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வரவேண்டாம் என்று சொல்வதாக நினைக்காதீர்கள். ஆறு மாதம்தானே?

கவுன் சரியாக இருக்கிறது.

தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

உங்கள்
பூசணி


ஜூன் 14

அன்புள்ள மனைவிக்கு,

நலம். அங்கும் நலம் என்று நம்புகிறேன்.

நீ கேட்டபடி ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இனி ஜனவரியில்தான். குளியலறை வேலை நல்லபடி முடியட்டும். முதுகு பரவாயில்லை. கடல் அமைதியாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் கணவன்


ஜூலை 8

அன்புள்ள கப்பல்காரருக்கு,

"அன்புள்ள மனைவிக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு, இது நிஜமாகவே எனக்கு வந்த கடிதம்தானா என்று உறையைத் திருப்பி விலாசம் பார்த்தேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவேண்டும், கேட்கிறேன். என் உடம்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும்.

நேற்று உங்கள் தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அண்ணி, அண்ணன் துறைமுகத்துலேர்ந்து எனக்குப் போன் பண்ணினாரு. உங்க லேபுக்குப் புதுசா டாக்டர் யாராவது வந்திருக்காரான்னு கேக்கறாரு. குளியலறைய உடைச்சாச்சான்னு கேக்கறாரு. அங்க ஒரு டைல்கூட உடையலையே, என்ன நடக்குது இங்க?" என்றாள். எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. நான் சொல்லாததை நீங்கள் இப்படி நிரப்பிக்கொண்டீர்கள். நிரப்பத்தான் செய்வீர்கள். இடம் விட்டது நான்.

கவுன் சரியாக இல்லை. அது என் தோளைத் தாண்டி இறங்கவே இல்லை. உள்ளே மாட்டிக்கொண்டு, இரண்டு கையும் மேலே நிற்க, குளியலறையில் பத்து நிமிஷம் தவித்துவிட்டு உருவி எறிந்தேன். எடை பாதியானால் உடம்பும் பாதியாகிவிடும் என்று நீங்கள் கயிற்றை மடித்தீர்கள். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கொழுப்பு போய்விட்டது. அது இருந்த பை போகவில்லை. வயிற்றுத் தோல் மடிந்து தொடை மேல் கிடக்கிறது. மடிப்புக்குள் வேர்த்துப் புண்ணாகிறது, காலையும் மாலையும் தூக்கித் துடைத்துப் பவுடர் போடுகிறேன். மார்பு காலியாகிவிட்டது. மேல்கைத் தோல் தனியாகத் தொங்குகிறது, கையைத் தூக்கினால் அது ஒரு பக்கம் ஆடுகிறது. அதனால்தான் முழுக்கைச் சட்டை. அதனால்தான் லேபில் குழந்தைகள் டாட்டா காட்டினால் நான் தலையை மட்டும் ஆட்டுகிறேன். எல்லாரும் "ஆளே மாறிட்டீங்க, என்ன அழகு!" என்கிறார்கள். உள்ளே இறுக்கமான பனியனில் எல்லாவற்றையும் சுருட்டி அடைத்துக்கொண்டு நின்று, தேங்க்ஸ் சொல்கிறேன். ஒருக்களித்துப் படுத்தால் என் தோல் எனக்கு முன்னால் மெத்தையில் பரவிக் கிடக்கிறது, யாரோ தன் துணியை என் பக்கத்தில் கழற்றிப் போட்டுவிட்டுப் போன மாதிரி.

குண்டாக இருந்தபோது ஊரே பார்த்துச் சிரித்தது. அப்போதுகூட நான் உங்கள் முன்னால் விளக்கை அணைத்ததில்லை. இப்போது என் முன்னாலேயே அணைக்கிறேன்.

போகப்போகச் சரியாகிவிடும் என்று நான் எழுதியது பொய். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. இது சுருங்காது, வேண்டுமானால் வெட்டித் தைக்கலாம் என்றார். இடுப்பிலிருந்து இடுப்பு வரை தழும்பு இருக்கும். முழுக்க ஆற ஐந்தாறு மாதம் ஆகும். ஜூலை இருபத்தெட்டு தேதி கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் ஆறி, ஒட்டி, அடக்கமாக இருக்கும்போது நீங்கள் வரட்டும் என்றுதான் ஆறு மாதம் கேட்டேன். வேறு யாரும் இல்லை. புது டாக்டருக்கு அறுபது வயது, காதும் கேட்காது.

படுத்தவுடன் உங்கள் கை என் இடுப்பில் வந்து விழும். இருபத்தைந்து மாதமாக அந்தக் கனம் இல்லாமல் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. நீங்கள் எனக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று எழுதத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கை இப்போது வந்தால் எங்கே விழும் என்று நினைக்கும்போதெல்லாம் பயம் வந்துவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். மனைவிக்கு என்று மட்டும் எழுதாதீர்கள்.

பூசணி


ஜூலை 15

பூசணி,

சௌக்கியமா? உன்னிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. நானும் அப்படியொரு கடிதம் போட்டுவிட்டுப் பதில் எதிர்பார்க்க முடியாது. நாளைக்கு இங்கிருந்து கிளம்புகிறோம், அதற்குள் துறைமுக ஏஜெண்டிடம் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டது வீம்பில். கேப்டன், "வீட்ல கேட்டியா?" என்றார். "வீட்லதான் கேட்டாங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

மறைக்காமல் சொல்கிறேன். ஊரில் உன்னை ஆசையாகப் பார்க்கிறவன் நான் ஒருத்தன்தான் என்று எனக்குள் ஒரு திமிர் இருந்தது. உன்னைக் கிண்டல் செய்கிறவன் ஒவ்வொருத்தன் மேலும் கோபம் வரும், கூடவே, இவளை விட்டு நான் எத்தனை மாதம் கடலில் கிடந்தாலும் கவலை இல்லை என்று ஒரு நிம்மதியும் இருக்கும். எவ்வளவு கேவலமான நிம்மதி பார். இப்போது நீ இளைத்து, நன்றாகிவிட்டாய், இனி நான் எதற்கு என்று தோன்றிவிட்டது. யாராவது இருந்தால் சொல்லிவிடு. இல்லாவிட்டால் என்னைத் திட்டி ஒரு வரி எழுது. திட்டு வந்தால் போதும், பிழைத்துக்கொள்வேன்.

தலைமாட்டுக் கயிற்றை ஒருநாள் எடுத்துக் கடலில் போடப் போனேன். கை வரவில்லை.

உன்
கப்பல்காரன்


ஆகஸ்ட் 9

கப்பல்காரருக்கு,

திட்டு இதோ. மடையா. இத்தனை வருஷத்தில் உங்களை ஒருமையில் எழுதுவது இதுதான் முதல் தடவை, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தின் தேதியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, நான் எழுதியது உங்கள் கைக்கு வரவே இல்லை. நான் எல்லாவற்றையும் கொட்டி எழுதிவிட்டு ஒரு மாதமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் ஒன்றும் தெரியாமல் கயிற்றைத் தூக்கிக்கொண்டு கடல் ஓரம் போயிருக்கிறீர்கள். கம்பெனிக்குப் போன் செய்தால், கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது, எப்போது உள்ளே விடுவார்கள் என்று தெரியாது, கப்பல் போனும் பழுது என்கிறார்கள். இப்போது "சாப்பிட்டியா" என்று கேட்டால்கூட அழுதுவிடுவேன் போலிருக்கிறது.

அந்தக் கடிதத்தில் இருப்பதைத் திரும்ப எழுத எனக்குத் தைரியம் இல்லை. ஒரு தடவைதான் வந்தது. அது வந்து சேரட்டும்.

ஆபரேஷனை ஒத்திப் போட்டுவிட்டேன் (என்ன ஆபரேஷன் என்று அந்தக் கடிதத்தில் இருக்கிறது, பயப்படாதீர்கள், நோய் இல்லை). படிவத்தில் துணைக்கு வருகிறவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. யோசிக்காமல் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். நர்ஸ் வாங்கிப் பார்த்து, "இவர் எங்க இருக்காரு, வெளியிலயா?" என்றாள். கடலில் என்றேன். அவள் சிரிக்கவில்லை. படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, "அவசரம் இல்லையே?" என்றாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கே இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

பூசணி


ஆகஸ்ட் 31

என் பூசணிக்கு,

நாற்பது நாள் நங்கூரத்தில் நின்றோம். நேற்றுத்தான் உள்ளே விட்டார்கள். ஏஜெண்ட் உன் இரண்டு கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தான். முதலில் மடையாவைத்தான் படித்தேன். எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. பிறகு மற்றதைப் படித்தேன். உன் புண் ஆறியதா? இறுக்கமான பனியனை வீட்டிலாவது கழற்றி வை. இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

கயிற்றை இரண்டாக மடித்தவனை என்ன செய்யலாம்? நீ எனக்காக ஒரு கவுனுக்குள் மாட்டிக்கொண்டு தவித்திருக்கிறாய், நான் இங்கே அளவு சரியா என்று அதிகாரம் பண்ணியிருக்கிறேன். லாரி டிரைவர் கதையையும் இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். முதல் தடவை அதில் எனக்கு லாரிதான் தெரிந்தது.

உன் தோலைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே தோன்றாது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நம்பவும் கூடாது. பார்க்காமல் எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரம் பழக வேண்டியிருக்கும். நீயே இன்னும் பழகவில்லையே. ஆனால் கை எங்கே விழும் என்று கேட்டாயே, அதற்கு எனக்குப் பதில் தெரியும். நீ எடுத்து எங்கே வைக்கிறாயோ அங்கே. வேண்டாம் என்றால் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறேன்.

வெட்டிக்கொள்வதும் வேண்டாம் என்பதும் உன் இஷ்டம். வெட்டிக்கொண்டால் துணைக்கு வருகிறவன் கட்டத்தில் நான் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கயிறு இதோடு வைத்திருக்கிறேன். அதை வெட்டிய அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் உறைக்கவில்லை. முனையோடு முனை தொடுகிற மாதிரி வெட்டினால் அதை வைத்து எதையும் கட்ட முடியாது. முடிச்சுப் போட நீளம் வேண்டாமா? இருபது வருஷம் கயிறு கட்டிப் பிழைக்கிறவன் செய்கிற வேலையா அது? ஆசையில் அளந்தேன், வேலைக்காரனாக அளக்கவில்லை. இத்தனை மாதமும் அது சும்மா தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இப்போது உன் இடுப்பில் சுற்றிப் பார். முடிச்சுக்கு மிச்சம் இருக்கும்.

போட்ட கையெழுத்தை அழிக்க முடியாது, ஜனவரி வரை நான் இங்கேதான். கேப்டனிடம் கேட்டுவிட்டேன், "அப்பவே உன் மூஞ்சியப் பார்த்தேன்" என்றார், வேறு வழி இல்லை என்றும் சொன்னார். ஆனால் செப்டம்பர் இருபத்தாறு கப்பல் ஒரே ஒரு நாள் நம் நாட்டுத் துறைமுகம் ஒன்றுக்கு வருகிறது. பஸ்ஸில் உனக்கு ஒன்பது மணி நேரம். உள்ளே விடமாட்டார்கள், வாசல் வரை வரலாம். எனக்கு நாலு மணி நேரம் வெளியே அனுமதி.

வர மனமில்லையென்றால் வராதே. முழுக்கைச் சட்டையில் வந்தாலும் சரி, போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாலும் சரி. வராவிட்டால் கோபப்படமாட்டேன். படுவேன். ஆனால் வீம்பாக எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடமாட்டேன்.

உன்
கப்பல்காரன் என்கிற மடையன்


செப்டம்பர் 26
துறைமுக வாசல்

கப்பல்காரருக்கு,

இந்தச் சீட்டை வாசல் காவலாளி கொண்டுவந்து தருவார். நல்ல மனிதர், "எந்தக் கப்பல்மா?" என்று கேட்டு நிழலில் நிற்க வைத்தார். நான் சௌக்கியம். ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து கால் வீங்கியிருக்கிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்த ஒரு தடவை கேட்கப் போவதில்லை, பார்த்துக்கொள்கிறேன்.

ஆபரேஷன் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. நீங்கள் பார்த்த பிறகு நான் முடிவு செய்வேன். கவனியுங்கள், நான்.

இங்கே ஒரே கூட்டம், லாரிகள் வேறு. உங்களுக்கு என்னை அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று பஸ் முழுக்க அந்தப் பயம்தான். போட்டோவில் இருக்கிறவளைத் தேடாதீர்கள். நீங்கள் விட்டுவிட்டுப் போனவளையும் தேடாதீர்கள். நீலக் கவுன். உங்கள் தங்கை இரண்டு பக்கமும் பிரித்து, நடுவில் வேறு துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். நீலம் நீலத்தோடு சேரவில்லை, தூரத்திலிருந்தே தெரியும். இடுப்பில் கயிறு. மிச்சம் இருக்கிறது, நீங்கள் சொன்னது சரி. ஆனால் எனக்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை, ஏதோ சுருட்டிச் செருகியிருக்கிறேன். வந்து சரியாகப் போடுங்கள்.

முழுக்கைச் சட்டை பஸ் இறங்கும் வரை மேலே இருந்தது. இப்போது பைக்குள் இருக்கிறது.

உங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவேன். கையோடு தோலும் ஆடும். நீங்கள் பக்கத்தில் வந்து சேருகிற வரை நிறுத்தமாட்டேன்.

பூசணி